பயிற்சி மாணவரை வார்டில் தனியே விடாதீர்கள்

சமூகப்பணித் துறைத் தலைவர்களுக்கும், களப்பணி ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அவர்களுடைய மாணவர்களை ஏற்கும் குழந்தைகள் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். கல்வியாண்டுதோறும் உங்கள் மாணவர்கள் எங்கள் துறைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், குழந்தைகள் மேல் உண்மையான பிரியம் உள்ளவர்கள். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் வாரத்தில் ஒரு முழு மணி நேரம், போன் அடிக்காத, யாரும் கதவைத் தட்டாத மேற்பார்வை நேரம் வேண்டும். அது உறுதியாகாத இடத்துக்குக் கல்லூரிகள் மாணவரை அனுப்பக் கூடாது. அதைக் கொடுக்க முடியாத மருத்துவமனைகள் மாணவரை ஏற்கக் கூடாது.

இதற்கு ஒரு மடலா, எல்லாக் களப்பணிக் கையேட்டிலும் இருப்பதுதானே என்பீர்கள். இருக்கிறது. கையேட்டில் இருப்பதால்தான் யாரும் கேட்பதில்லை. நடப்பது வேறு. மேற்பார்வையாளருக்கு வார்டிலிருந்து அழைப்பு வரும், எழுந்து ஓடுவார். மாணவர் காத்திருப்பார். அடுத்த வாரம் சேர்த்துப் பேசலாம் என்பார்கள். மாதக் கடைசியில் பதிவேட்டில் நான்கு கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே நிமிடத்தில் விழும். மணிக்கணக்கு மட்டும் சரியாக இருக்கும். அமெரிக்காவில் சமூகப்பணி முதுகலை மாணவருக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். இங்கிலாந்தில் 200 நாள் என்று வைத்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு எண் மாறலாம். ஆனால் அந்த மணி நேரங்களில் மாணவர் என்ன பார்த்தார், பார்த்ததை யாரிடம் பேசினார் என்பதை எந்த எண்ணும் காட்டாது.

மேற்பார்வை இல்லாத மாணவர் பெரும்பாலும் எங்கே போய்ச் சேர்கிறார் தெரியுமா? உதவித்தொகை மேசைக்கு. வருமானச் சான்று இருக்கிறதா, ஜெராக்ஸ் எடுத்தீர்களா, இங்கே கையெழுத்துப் போடுங்கள். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை வரிசை குறையாது. எல்லாருக்கும் வசதியான ஏற்பாடு இது. துறைக்கு ஒரு கை கூடுதல், மாணவருக்கோ எண்ணிக்கை காட்ட நிறைய கேஸ். இந்தத் தொழில் தொடங்கியதே இப்படித்தான் என்பது கொஞ்சம் வேடிக்கை. 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை முதன்முதலாக நியமித்தபோது, இலவச வைத்தியத்துக்கு யார் தகுதியானவர், யார் ஏமாற்றி உள்ளே வருகிறார் என்று பிரித்துச் சொல்வதே அவருக்குக் கொடுத்த வேலைகளில் முக்கியமானது. அதுவும் மூன்று மாதச் சோதனை அடிப்படையில். பத்து வருடம் கழித்து, 1905இல் பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் ரிச்சர்ட் கபோட் வேறு கேள்வியோடு இதைத் தொடங்கினார். நான் எழுதிக்கொடுக்கும் மருந்தும் ஓய்வும் இந்த நோயாளி திரும்பிப் போகும் வீட்டில் சாத்தியம்தானா? அங்கே முதலில் வேலை பார்த்த கார்னெட் பெல்டனும் அவருக்குப் பின் வந்து பல வருடம் அந்தத் துறையைக் கட்டி எழுப்பிய ஐடா கேனனும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனார்கள். இரண்டு பேருமே நர்ஸாகப் பயிற்சி பெற்றவர்கள். உங்கள் மாணவரை மேசையில் உட்கார வைக்கும்போது அவரை 1905இலிருந்து 1895க்குத் திருப்பி அனுப்புகிறோம். விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், மறுக்கவில்லை. அதற்கு ஒரு வாரம் போதும்.

சரி, அந்த மேற்பார்வை மணி நேரத்தில் அப்படி என்ன நடக்கும் என்று கேட்கலாம். ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிறவி வளைபாதத்தோடு பிறந்த குழந்தை. பொன்செட்டி முறை சிகிச்சை. வாரம் ஒரு மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தை மெல்ல மெல்லத் திருப்பிக் கொண்டுவருவார்கள். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணைச் சின்னதாக வெட்டித் தளர்த்தவும் வேண்டியிருக்கும். ஒன்றிரண்டு மாதங்களில் பாதம் நேராகிவிடும். பார்க்கிற எவருக்கும் வைத்தியம் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் அதற்கப்புறம்தான் நீளமான பகுதி. இரண்டு காலணிகளை ஒரு கம்பியால் இணைத்த ப்ரேஸ் ஒன்றை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வாக்கில் வரும்வரை தூங்கும்போதும் மாட்ட வேண்டும். பாதம் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணமே அதை ஒழுங்காக மாட்டாததுதான்.

இந்தக் குழந்தைக்கும் வளையத் தொடங்கியிருந்தது. மாணவி பதிவில் எழுதியது இரண்டே வாக்கியம். "தாயார் ஒத்துழைப்பதில்லை. ஆலோசனை வழங்கப்பட்டது."

ஒத்துழைப்பதில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். டாக்டர் ரவுண்ட்ஸில் சொன்னார் என்றார். அம்மா என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை மேடம், தலையைக் குனிந்துகொண்டார். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? ப்ரேஸ் ஏன் முக்கியம் என்று மறுபடி விளக்கினேன். ராத்திரியில் ப்ரேஸை மாட்டிவிடுவது யார்? அம்மாதானே, என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் அதைக் கேட்டிருக்கவில்லை.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது, அறிவுரை எதுவும் வேண்டாம், மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மா குழந்தையின் முழங்காலை மடக்கி, குதிகாலை அடியில் பதிய வைத்து, நடுப்பட்டையை முதலில் இழுத்து மாட்டினார். எங்கள் துறையில் யாருக்கும் அவ்வளவு லாகவமாக வராது. ஆக, தெரியாமல் இல்லை. மாணவி இன்னொன்றையும் கவனித்தார். குதிகாலின் பின்பக்கம் சிவந்து தோல் உரிந்திருந்தது. காலணி இறுக்கமாக இருந்தால் அப்படி ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் பட்டை தளர்வாக இருந்து கால் உள்ளே வழுக்குவதால் வருகிற காயம் அது. யார் தளர்த்துகிறார்கள் என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. அம்மாவுக்கு ராத்திரி வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது அப்பாவைப் பெற்ற பாட்டி. பேரன் அழுவது பொறுக்காமல் பட்டையைத் தளர்த்துவார், அப்புறமும் அழுதால் கழற்றியே விடுவார், விடிவதற்குள் மறுபடி மாட்டிவிடுவார். அம்மாவுக்கு இது தெரியும். மாமியாரைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போகவும் வேண்டுமே.

தேவைப்பட்டது அம்மாவுக்கு ஆலோசனை இல்லை. பாட்டியை ஓ.பி.க்கு வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தவரைக் குற்றம் சொல்லாமல், குழந்தையை ராத்திரியில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக மதித்து, பிசியோதெரபிஸ்ட் பட்டை இறுக்கும் விதத்தை அவர் கையாலேயே செய்ய வைத்தார். சிவப்பு ஏன் வருகிறது என்று புரிந்ததும் பாட்டியே மற்ற தாய்மாருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார் என்பது உபரி.

மாணவி இதைத் தனியாகக் கண்டுபிடித்திருக்க மாட்டாரா? இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து, வேறொரு குழந்தையிடம். "ஒத்துழைப்பதில்லை" என்ற வாக்கியத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்து, இதை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால்தான் அது உடைகிறது. அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதும் செயல்முறைப் பதிவு உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. எழுதவும் செய்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை. படிக்கப்படாத பதிவு சீக்கிரமே இரண்டு வாக்கியமாகிவிடும், அதற்கு மாணவரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு கோரிக்கையும் இதோடு ஒட்டியதுதான். முதல் இரண்டு வாரம் மாணவருக்கு எந்தக் குடும்பத்தையும் கொடுக்காமல், வார்டில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுங்கள். சும்மா உட்கார்வது என்றால் நிர்வாகத்துக்கும் கல்லூரிக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கும் என்று தெரியும். ஜேம்ஸ் ராபர்ட்சனை நினைவுபடுத்துகிறேன். மனநல சமூகப் பணியாளராக இருந்தவர். 1948 முதல் லண்டனில் குழந்தைகள் வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தார். அந்தக் காலத்தில் பெற்றோரை வாரத்தில் சில மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், சில இடங்களில் அதுவும் கிடையாது. பெற்றோர் வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது மருத்துவமனைகளின் வாதம். ராபர்ட்சன் பார்த்தது வேறு. முதலில் எதிர்த்து அழுகை, அடுத்து நம்பிக்கை இழந்த சோர்வு, கடைசியில் அம்மா வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் விலகல். எல்லாரும் "பழகிவிட்டது" என்று சொன்ன அந்த அமைதி மூன்றாவது கட்டம். சொன்னால் நம்பவில்லை என்பதால் 1952இல், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்தே காட்டினார். அதற்கும் மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். 1959இல் பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கை பெற்றோருக்குத் தடையில்லாத அனுமதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று எங்கள் வார்டுகளில் அம்மா கட்டிலோரம் படுத்திருக்கிறார் என்றால், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சமூகப் பணியாளருக்கும் அதில் பங்குண்டு.

இப்போதும் அமைதியான குழந்தையை யாரும் எங்களுக்கு அனுப்புவதில்லை. கத்துகிற குழந்தைக்குத்தான் அழைப்பு வரும். ஊசி போடும்போது அழாமல் கையை நீட்டும் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்து வார்டே மெச்சும். அந்த வயதில் பல குழந்தைகள் நோயைத் தாங்கள் செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைப்பார்கள். "நான் தம்பியை அடிச்சதாலயா?" என்று ஒரு நாள் அந்தக் குழந்தை கேட்கும். ரவுண்ட்ஸில் வரும் பத்துப் பேரிடம் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் அக்காவிடமோ அண்ணாவிடமோதான் கேட்கும்.

கேட்டால் என்ன சொல்வது? உங்கள் வகுப்பறை இதற்குத் தயார் செய்திருக்கிறதா?

இதைவிடக் கனமான கேள்விகளும் வரும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று தொடங்கும் பேச்சு. இருபத்தோரு வயது மாணவர் பாசத்தில் சத்தியம் பண்ணிவிடுவார். அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும். உன் பாதுகாப்புக்காக யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்கிறேன், அவ்வளவுதான் வாக்கு. அப்புறம் குடைந்து குடைந்து கேட்கக் கூடாது. யார் செய்தார், எப்போது, எத்தனை முறை என்று மாணவர் விசாரணை நடத்தினால் பிறகு முறையாக விசாரிப்பவர்களுக்கு முன்னால் குழந்தையின் வார்த்தை கலங்கிப்போகும். குழந்தை சொன்ன சொல்லை அப்படியே, திருத்தாமல், தூய தமிழாக்காமல் எழுதி அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். விளக்கம் சொல்ல முடியாத எலும்பு முறிவுகளுக்குப் பின்னால் அடி இருக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய சகாக்களும் 1962இல் எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைப் பரவலாகப் பார்க்கவே தொடங்கியது. அத்தனை பெரிய டாக்டர்களே கண்ணை மூடிக்கொண்டிருந்த விஷயத்தை, மேற்பார்வையாளர் விடுப்பில் இருக்கும் நாளில், ஒரு மாணவர் தனியாகச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார். அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யாரிடம் போவது என்று ஒரு பெயர் எழுதித் தந்திருக்கிறீர்களா? நான் பார்த்த ஒப்பந்தங்களில் அந்த வரியே இருக்காது.

குழந்தை இறந்துபோகும் நாளும் அப்படித்தான். நர்ஸ்களுக்கு ஷிஃப்ட் முடிந்து பேச ஒருவருக்கொருவர் இருக்கிறார்கள். மாணவருக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. பெற்றோர் முன்னால் அழலாமா கூடாதா என்ற குழப்பத்திலேயே நாள் முடிந்துவிடும். மறுநாள் பதிவேட்டில் "வார்டு பார்வை" என்று எழுதுவார்.

காலக்கணக்கு பற்றியும் கல்லூரிகளிடம் பேச வேண்டும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவுக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம். முதல் கட்டம் முடியும்போது, ஏறக்குறைய ஒரு மாதத்தில், பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தத்தில் நோயின் சுவடு தெரியாது. முகம் தெளியும், ஓடியாடும். இனி எதற்கு இந்த விஷ மருந்து என்று குடும்பம் நினைக்கும் நேரம் அது. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள், வருமானம் குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது அடுக்கும் காரணங்களில் பாதியிலேயே சிகிச்சையை விட்டுப் போவதும் ஒன்று. பாதியில் விடாமல் பிடித்து வைப்பது எங்கள் வேலையின் பெரும்பகுதி, அதற்குக் குடும்பத்தோடு நீண்ட நாள் பழக்கம் வேண்டும். உங்கள் செமஸ்டரோ சில மாதங்களில் முடிகிறது.

அதை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. எப்படி முடிப்பது என்று சொல்லித்தாருங்கள் என்கிறேன். வாரம் இரண்டு நாள் வந்த அக்கா ஒரு நாள் வராமல் போய்விடுகிறார். தேர்வு, விடுமுறை, புராஜெக்ட் சமர்ப்பிப்பு. குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா? முதல் சந்திப்பிலேயே எந்தத் தேதி வரை இருப்பேன் என்று குழந்தையிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும். கடைசி மூன்று வாரம் இருக்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். அடுத்துப் பார்க்கப்போகிறவரைக் கூடவே அழைத்துவந்து அறிமுகம் செய்ய வேண்டும். போன் எண் கொடுக்கக் கூடாது. இது மாணவருக்குக் கொடூரமாகத் தோன்றும், ஏன் என்று உட்கார்ந்து பேசினால் புரியும். மறுபடியும் அந்த ஒரு மணி நேரம்தான். முடிந்தால் இறுதி ஆண்டிலாவது வாரத்துக்கு இரண்டு நாள் முறையை விட்டுவிட்டுத் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் அனுப்புங்கள். திங்கட்கிழமை அட்மிட் ஆகி வியாழக்கிழமை டிஸ்சார்ஜ் ஆகும் குழந்தையை, வெள்ளியும் சனியும் வருகிற மாணவர் பார்க்கவே மாட்டார்.

சின்னது ஒன்று, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. மாணவரை அனுப்பும் முன் அம்மை போட்டிருக்கிறதா, தடுப்பூசி உண்டா என்று பாருங்கள். கீமோதெரபியில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. தொற்று ஏறிய பின் 10 முதல் 21 நாள் கழித்துத்தான் நோய் வெளிப்படும், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். சளி, காய்ச்சல் இருந்தால் வர வேண்டாம், வராத நாளுக்கு மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் கொடுங்கள். வருகைப் பதிவுக்குப் பயந்து மாஸ்க்குக்குள் இருமிக்கொண்டு வரும் மாணவர்களை நானே வாசலிலிருந்து திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

நிர்வாகிகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. மேற்பார்வை நேரத்தை எங்கள் டியூட்டி பட்டியலிலேயே எழுதுங்கள், மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு செய்வதாக விடாதீர்கள். ஒரு பணியாளருக்கு ஒரு பருவத்தில் இரண்டு மாணவருக்கு மேல் என்னைக் கேட்டால் கூடாது. கல்லூரியிலிருந்து எட்டுப் பேர், பத்துப் பேர் என்று கடிதம் வந்தால், நல்லதுதானே ஆள் கிடைக்கிறது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். துறையில் கதவு மூடக்கூடிய ஓர் அறை வேண்டும். ஸ்டோர் ரூம் ஆனாலும் பரவாயில்லை, நாற்காலி இரண்டு போட இடமிருந்தால் போதும். ஐடா கேனனின் துறையே வராந்தா மூலையில் ஒரு மேசையில்தான் தொடங்கியது, அதற்காக நாங்களும் அங்கேயே இருக்க வேண்டியதில்லை.

கல்லூரிகளுக்கும் இன்னும் இரண்டு. கேஸ் எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஒரு பருவத்தில் மூன்று குடும்பம், அவற்றை ஆழமாக, போதும். இருபத்தைந்து கேஸ் எழுதிவரும் மாணவரின் பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள், பெயரும் நோயும் மட்டும்தான் மாறியிருக்கும். அடுத்தது, துறை ஆசிரியர் பருவத்தில் ஒரு முறையாவது வார்டுக்கு வர வேண்டும். வாசலில் என்னைப் பார்த்து, பையன் ஒழுங்காக வருகிறானா மேடம் என்று கேட்டுவிட்டுப் போவது வருகை ஆகாது. மாணவர் ஒரு குடும்பத்தோடு பேசும்போது கூட உட்காருங்கள். நீங்கள் கற்றுத்தரும் கோட்பாடு கட்டிலோரத்தில் என்ன பாடுபடுகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தக் கடிதங்கள் இப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் நான்கு வரி சேர்க்கச் சொல்கிறேன்: மேற்பார்வையாளரின் பெயர், அவர் இல்லாத நாளுக்கு மாற்று ஒருவரின் பெயர், வாரத்தில் எந்த நாள் எந்த மணி நேரம் மேற்பார்வை, அது தொடர்ந்து இரண்டு வாரம் நடக்காவிட்டால் மாணவர் யாரிடம் சொல்ல வேண்டும். கடைசி வரியைச் சேர்க்கத் தயங்குவீர்கள், மாணவர் மேற்பார்வையாளரைப் பற்றிப் புகார் சொல்வதா என்று. என்னைப் பற்றிச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு மருத்துவ சமூகப் பணியாளர்